மேக்கப் பெட்டியைத் தூக்குமுன்

அம்மிணி, கோர்ஸை முடித்துவிட்டாய், பெட்டியும் வாங்கிவிட்டாய். இனி மேடைக்கும் போட்டோ ஷூட்டுக்கும் மேக்கப் போடப் போகிறேன் என்கிறாய். சந்தோஷம். நம் அனுப்பர்பாளையத்தில் இருந்துகொண்டு இந்த வேலைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. பள்ளிக்கூட ஆண்டு விழா, சலங்கை பூஜை, கோயில் நோம்பி, கும்மி அரங்கேற்றம் என்று மேடைகள் ஒரு பக்கம். பனியன் கம்பெனிகளின் கேட்லாக் ஷூட் இன்னொரு பக்கம். ஐலைனர் இழுப்பதும் புருவம் திருத்துவதும் என்னைவிட உனக்கு நன்றாகவே வரும். வீடியோ பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் நீங்கள். அதனால் கைவேலையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. வீடியோவில் வராததைத்தான் பெரியம்மா சொல்கிறேன்.

1. ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்துவிடாதே. பெயரைக் கேள். சாப்பிட்டாச்சா என்று கேள். கண்ணில் லென்ஸ் போட்டிருக்கிறார்களா, எந்தக் க்ரீமாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று விசாரி. பிறகு, "தொடலாங்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் தொடு. பெற்றவர்களைத் தவிர யார் கையும் படாத முகமாக இருக்கும் அது. அரங்கேற்றத்துக்கு வந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி, நான் தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிய வேகத்தில் தோளைச் சுருக்கிக்கொண்டாள். அப்புறம் கடைசிவரை அந்தத் தோள் இறங்கவே இல்லை. தோள் சுருங்கிய பிள்ளை மேடையில் எப்படி ஆடும்?

2. முகத்தைத் தயார் பண்ணாமல் ப்ரஷ்ஷை எடுக்காதே. நம் ஊர்ப் பாத்திரப் பட்டறைப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது பார்த்திருப்பாய்: பிசுக்கு போகத் தேய்த்து, சூடு காட்டி, நவச்சாரம் தூவிய பிறகுதான் ஈயத்தைத் தொடுவார்கள். பிசுக்கு மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் ஈயம் ஒட்டாது. முகமும் அப்படித்தான். கழுவு, துண்டால் ஒற்றி எடு, லேசாக மாய்ஸ்சரைசர் தடவிப் பத்து நிமிடம் விடு. அவசரப்படுத்துகிறவர்கள் படுத்தட்டும். விழாவுக்கு முந்தின நாள் புதிதாக ஃபேஷியல் செய்துகொள்ள வேண்டாம் என்று முன்பே சொல்லி வை. தோல் சிவந்து பொரிந்து வந்தால், பழி உன் பவுண்டேஷன் மேல்தான் விழும்.

3. கண்ணாடியைப் பார்க்கும் முன் விளக்கைப் பார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது. ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் அங்கிருந்த மேக்கப் அறையைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய கண்ணாடிகளைச் சுற்றி எல்லாப் பக்கமும் பல்பு எரியும், உட்கார்ந்தவர் வெந்துபோவார். பேன்கேக் என்ற மேக்கப் பூச்சை லாரிக் கணக்கில் வாங்கிப் பூசுவார்களாம். பார்க்க லட்சணமாக இருந்தவர்கூட அந்த அறையிலிருந்து செக்கச்செவேல் என்று பூதம் மாதிரி வெளியே வருவார். நேரில் அவலட்சணம்தான், ஆனால் ஸ்டூடியோ விளக்குக்கும் அந்தக் காலத்துப் பிலிமுக்கும் அப்படிப் பூசினால்தான் படத்தில் முகம் எடுபடும். அவர்கள் பூசியது கேமராவுக்கு, கண்ணாடிக்கு இல்லை.

இன்றைக்கு ஸ்டூடியோ விளக்கு போய், பள்ளிக்கூட மேடையிலேயே எல்இடி விளக்குகள் நொடிக்கு ஒரு நிறம் மாறுகின்றன. சிவப்பு வெளிச்சம் விழுந்தால் கன்னத்து ரூஜும் உதட்டுச் சிவப்பும் அழிந்துபோனதுபோல் ஆகிவிடும். பச்சையோ நீலமோ விழுந்தால் அதே உதடு கறுத்துவிடும். ஒரு ஆண்டு விழாவில் ஆண்டாள் வேடமிட்ட பெண்ணுக்கு நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து அனுப்பினோம். பாட்டு தொடங்கியதும் மேடை முழுக்கச் சிவப்பு. முன்வரிசையில் இருந்த பாட்டி, "ஏனுங்க, புள்ளைக்குப் பொட்டு வெக்கலீங்களா?" என்று எழுந்தே கேட்டுவிட்டார். அதிலிருந்து மேடைப் பொட்டுக்குச் சுற்றிலும் கருப்பில் மெல்லிய விளிம்பு வரைவது என் வழக்கம். நீ அதற்கும் முன்னாலேயே ஒன்று செய். லைட் போடுகிற அண்ணனிடம் போய், எந்தப் பாட்டுக்கு என்ன கலர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள். அவரிடம் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசினால், முகத்துக்கு நேராக ஒரு வெள்ளை விளக்கையும் எரிய விடுவார்.

போட்டோ ஷூட்டில் சிக்கல் வேறு. பிளாஷ் அடிக்கும்போது ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த சன்ஸ்க்ரீனும், சிலிக்கா கலந்த பவுடரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் ஒன்றும் தெரியாது. படத்தில் மூக்கும் நெற்றியும் மாவு பூசியதுபோல் வெளுத்துக் கிடக்கும். முழு மேக்கப்பையும் முடித்துவிட்டு இதைக் கண்டுபிடிப்பதைவிட, பாதியில் போட்டோகிராபரை ஒரே ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பார்ப்பது மேல்.

4. யாரையும் வெளுப்பாக்காதே. "கொஞ்சம் வெளுப்பாத் தெரியற மாதிரி போட்டு விடுங்க" என்ற பேச்சை இந்த வேலையில் தினமும் கேட்பாய். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அப்படிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். 1975இல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம், தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது 2020இல்தான். அத்தனை வருடப் பழக்கம் உன் ஒருத்தி பேச்சில் போய்விடாது. ஆனால் உன் நாற்காலியில் உட்கார்கிற அந்த அரை மணி நேரம் உன் கையில் இருக்கிறது. பவுண்டேஷனைக் கைமணிக்கட்டில் பூசிப் பார்க்காதே. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார். கோடு எங்கே என்று தேடும்படி மறைந்தால் அதுதான் சரியான நிறம். இரண்டு படி வெளுப்பாகப் போட்டால் கருத்த தோல் சாம்பல் பூத்துப்போகும், கழுத்து தனியாகத் தெரியும்.

கருத்த பிள்ளையின் முகத்தை முதலில் வெளுப்பாக்கி, அதன் மேல் கண்ணன் வேடத்துக்கென்று நீலம் பூசிய கூத்தை நான் கண்ணாலே பார்த்தேன். கண்ணனே கருப்பு என்பது அந்த அறையில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை!

இன்னொன்றும் பார். இந்த ஊரில் தென் மாவட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் தையலுக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி விழாவில் எல்லாரும் ஒரே மேடையில் ஆடுவார்கள். கடைக்காரர் எடுத்துக் காட்டுவது வெளுத்த ஷேடுகளாகவே இருக்கும். நீ கருத்த ஷேடுகளைக் கேட்டு வாங்கு. தன் நிறத்துக்கு ஏற்றது உன் பெட்டியில் இல்லை என்று ஒருவர் எழுந்து போகிற நிலை வரக் கூடாது.

5. மேடை முகம் கடைசி வரிசைக்கு, போட்டோ முகம் இரண்டடி தூரத்துக்கு. மேடையில் கண் கோடு தடிமனாக இருக்க வேண்டும், புருவம் அழுத்தமாக இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்கிற தாய்க்கு அது பயமாகத்தான் இருக்கும். அவரைக் கையோடு மண்டபத்துக் கடைசி வரிசைக்குக் கூட்டிப் போய்க் காட்டு, சரியாகிவிடும்.

6. கேட்லாக் ஷூட்டில் விற்பது துணி. முகம் துணிக்குத் துணை. பனியன் கம்பெனி உன்னைக் கூப்பிடுவது மாடலை ராணி ஆக்குவதற்காக என்று நினைத்துவிடாதே. பார்க்கிறவர் கண் உதட்டில் நின்றுவிட்டால் டி ஷர்ட்டின் காலரை யார் பார்ப்பார்கள்? அடக்கி வாசி.

இந்த வேலையில் உன் பெயர் கெடுவது முகத்தால் அல்ல, கறையால். ஷூட்டுக்கு வருவது பெரும்பாலும் சாம்பிள் பீஸ். அந்த நிறத்தில், அந்த அளவில் ஒன்றே ஒன்று தைத்திருப்பார்கள். அதே பீஸ் நாளைக்குப் பையருக்குக் கூரியரில் போக வேண்டியிருக்கும். தலை வழியாக மாட்டுகிற வெள்ளைப் பனியன், பவுண்டேஷன் போட்ட முகத்தில் ஒருமுறை உரசினால் போதும், கழுத்துப் பட்டியில் பழுப்புக் கறை. எண்ணெய்ப் பசையுள்ள பேன்ஸ்டிக்காக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் உன் பெட்டியில் பழைய மெல்லிய துப்பட்டா ஒன்று எப்போதும் இருக்கட்டும். மாடல் உடை மாற்றுமுன் அதைத் தலையோடு முகம் மூடப் போடு. துணி கழுத்தைத் தாண்டி இறங்கிய பிறகு, துப்பட்டாவை மேல் பக்கமாக மெதுவாக உருவு. உதட்டை உள்ளே மடக்கிக்கொள்ளச் சொல். வெள்ளைக் காலர் வரும் உடை என்றால் பவுண்டேஷன் தாடைக்குக் கீழே இறங்கவே வேண்டாம், கழுத்துக்குப் பவுடர் ஒற்றினால் போதும். கருப்புத் துணி என்றால் தோளில் சிந்திய பவுடரை எடுக்க ஒட்டும் ரோலர் வைத்துக்கொள். உரசாதே, பவுடர் உள்ளே போய்விடும்.

கறை பட்டுவிட்டால் மறைக்காதே. அந்த நிமிடமே மெர்ச்சண்டைசரிடம் சொல். செக்கிங்கில் கறை எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காயாமல் கொண்டுபோனால் எடுத்துவிடுவார்கள். மடித்து வைத்துவிட்டு வந்த கறை, உனக்கு முன்னால் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

7. கைக்குழந்தைக்கு மேக்கப் கிடையாது. பேபி வேர் ஷூட் இங்கே அடிக்கடி வரும். கன்னத்தில் லேசாக ரூஜ் தடவச் சொல்வார்கள், மாட்டேன் என்று சொல். கண்ணுக்குள் மை தீட்டச் சொன்னாலும் அதே பதில்தான். கடை மைகள் சிலவற்றில் காரீயம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் வாயோரம் துடைத்துவிடு, போதும். தாய் வைத்த திருஷ்டிப் பொட்டைப் படத்துக்காக அழிக்கச் சொன்னால் நீ அழிக்காதே. தாயிடம் கேள். அவருக்கு மனசு வரவில்லை என்றால் விட்டுவிடு. கம்ப்யூட்டரில் ஒரு பொட்டை எடுக்க நிமிடம் ஆகாது, தாய் மனம் கலங்கினால் குழந்தை அன்றைக்குச் சிரிக்காது.

8. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள். அந்தக் காலத்துக் கூத்துக் கலைஞர்கள் பூசிய அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல். சாதிலிங்கச் சிவப்பு பாதரசம் கலந்தது. அவற்றை அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து விடிய விடிய முகத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை, உனக்கு இருக்கிறது. டப்பாவில் தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத கலரைத் திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே. புதுப் பொருள் எதையும் முந்தின நாளே காதுக்குப் பின்னால் பூசிப் பார்க்கச் சொல். மஸ்காராவைத் திறந்த மூன்று மாதத்தில் தூக்கிப் போடு, மனசு வலித்தாலும் போடு. கம்பெனிப் பெயர் பார்த்து மயங்கவும் வேண்டாம். பெர்லினில் 1945இல் தொடங்கிய கிரையோலானை மேடைக்காரர்கள் விரும்புவதில் நியாயம் இருக்கிறது. டாடாக்கள் 1952இல் தொடங்கிய லக்மே நம் வீடுகளுக்கு மேக்கப்பைப் பழக்கியது. எது உன் கைக்குக் கட்டுப்படியாகிறதோ அதை வாங்கு, கடன் வாங்கி மட்டும் பெட்டியை நிரப்பாதே.

9. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே லிப்ஸ்டிக்கை வரிசையாகத் தேய்த்துக்கொண்டு போகிறவர்களை ஆண்டு விழாக்களில் பார்ப்பாய். ஒரு பிள்ளைக்கு உதட்டில் தொற்றுக் கொப்புளம் இருந்தால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அது பரிசு. லிப்ஸ்டிக்கைத் தட்டில் சுரண்டிப் போட்டு, ஆளுக்கு ஒரு பட்ஸில் எடுத்துப் பூசு. ப்ரஷ்ஷை வாயால் ஊதாதே. மெட்ராஸ் ஐ பரவுகிற சமயத்தில் கண் சிவந்த பிள்ளைக்கு ஐலைனர் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உனக்கு வேண்டும். டீச்சர் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

10. சில மேடைகளில் உன் வேலை, வேலை செய்யாமல் இருப்பது. வள்ளி கும்மிக்குக் கூப்பிடுவார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, வள்ளி ஒயில் கும்மிக்காக. பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்றைக்குப் பாட்டியும் மருமகளும் பேத்தியும் ஒரே நிறச் சேலையில் ஒரே வரிசையில் மணிக்கணக்காக ஆடுகிறார்கள் என்றால் அவரைப் போன்றவர்கள் போட்ட வழி. அந்த வியர்வையில் பவுண்டேஷன் நிற்காது. நின்றாலும் தேவையில்லை. வரிசையே ஒரு ஆளாக ஆடும்போது ஒரு முகம் மட்டும் மினுமினுத்தால் அழகு கெட்டுப்போகும். பவுடர், பொட்டு, கண்ணுக்கு ஒரு கோடு. பூவும் சவுரியும் கழன்று விழாதபடி ஹேர்பின்னை இறுக்கிக் குத்து, உன் திறமையெல்லாம் அங்கே இருக்கட்டும். குறைவாகப் போட்டதற்குக் காசையும் குறைத்து வாங்கு.

11. முகத்தில் பார்த்ததை வெளியே பேசாதே. தழும்பு, தீக்காயம், முடி உதிர்ந்த நெற்றி, அழுது வீங்கிய இமை, எல்லாம் உன் கண்ணில் படும். மறைக்கச் சொன்னால் மறை. சொல்லவில்லை என்றால் நீயாகக் கன்சீலரைத் தூக்காதே. அந்தத் தழும்பு அவருக்கு வேண்டியதாக இருக்கலாம். கன்னத்தில் கைவிரல் பதிந்த கன்றலோடு ஒரு பெண் வந்து உட்காரும் நாளும் வரும், கண்ணு. அன்றைக்குக் கதவைச் சாத்து. "வீட்டில் பாதுகாப்பா இருக்கீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். பதில் வந்தால் கேட்டுக்கொள், வராவிட்டால் துருவாதே. 181 என்று ஒரு உதவி எண் பெண்களுக்காக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வை. வீட்டுக்கு வந்து அதை என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

12. கூலி விஷயம். "பொம்பளப் புள்ளைதானே, கொடுக்கறத வாங்கிக்கும்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. இந்தித் திரையுலகில் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் என்ற சங்க கார்டே தராமல் இருந்தார்கள். தலைமுடி அலங்காரம் செய்யலாம், முகத்துக்கு மேக்கப் போடக் கூடாது! சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2014 நவம்பர் 10 அன்று அந்தத் தடையை உடைத்தார். ஆக, நீ பிடிக்கிற ப்ரஷ் சும்மா வந்ததில்லை. தொகையை முன்பே பேசி, வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள். நாற்காலியில் உட்கார்ந்தவர் முன்னால் பேரம் பேசாதே, அவர் முகம் விலை பேசப்படுவதை அவர் கேட்க வேண்டாம். மேடை ஏற ஆசைப்பட்டுக் காசில்லாமல் நிற்கிற பிள்ளைக்குச் சும்மா போட்டுவிடு. அதை ஸ்டேட்டஸில் போடாதே.

13. கடைசியாக, கலைத்துவிட்டுப் போ. விழா முடிந்தால் மேக்கப் போட்டவர்களைக் காணவே முடியாது, அடுத்த மண்டபத்துக்கு ஓடியிருப்பார்கள். பிள்ளைகள் அப்படியே பைக்கில் ஏறி, அப்பா முதுகில் சாய்ந்து தூங்கி, பூச்சோடு படுத்து, காலையில் கண் எரிச்சலோடு எழுந்திருக்கும். ஸ்பிரிட் கம் வைத்து ஒட்டிய மீசையைப் பிடுங்கக் கூடாது. ஓரத்தில் அதற்குரிய ரிமூவரோ தேங்காயெண்ணெயோ ஊறவிட்டு, தோலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு மெதுவாக எடுக்க வேண்டும். கண் மையை மூக்குப் பக்கமிருந்து வெளியே துடைக்க வேண்டும். எண்ணெய், பஞ்சு, பிறகு சோப்பு, பிறகு தண்ணீர். எந்தத் தோல் எதைத் தாங்கும், எந்தக் கலர் எங்கே தங்கும் என்பதெல்லாம் போடும்போது தெரியாது, கலைக்கும்போதுதான் தெரியும்.

அடுத்த மாதம் ஆண்டு விழாக்கள் தொடங்குகின்றன. முதல் இரண்டு விழாவுக்கு நீ ப்ரஷ் பிடிக்க வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயும் ஒரு கட்டுப் பஞ்சும் எடுத்துக்கொண்டு என்னோடு வா. கலைக்கிற மேசை உன்னுடையது.